ஒரே புராஜெக்டில் சில டிக்கெட்டுகளை மட்டும் மறைப்பது எப்படி, அவை எங்கே கசியும்

கேள்வி இது: ஒரு மென்பொருள் குழுவின் எல்லா டிக்கெட்டுகளும் (பிழை, கோரிக்கை, புகார் என்று ஒவ்வொன்றுக்கும் இடும் பதிவுகள்) ஒரே புராஜெக்டில் இருக்கின்றன. அவற்றில் பாதுகாப்புக் குறைகளைப் பற்றியவை, வாடிக்கையாளர்கள் அனுப்பியவை, ஊழியர் ஒருவர் மீதான புகார்கள் ஆகியவற்றை எல்லாரும் பார்க்கக் கூடாது. புராஜெக்டைப் பிரிக்காமல் டிக்கெட் டிக்கெட்டாக இதைக் கட்டுப்படுத்த முடியுமா?

முடியும். இன்று புழக்கத்தில் இருக்கும் டிக்கெட் மென்பொருள்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வடிவில் இதற்கு வழி வைத்திருக்கின்றன. ஆனால் அமைப்புகள் பக்கத்தில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. டிக்கெட் பதிவான நொடியிலிருந்தே மின்னஞ்சலாக, அரட்டை அறிவிப்பாக, தேடல் முடிவாக, மேலாளரின் அறிக்கையில் ஒரு எண்ணாகப் பல திசைகளில் கிளம்பிவிடுகிறது. பூட்டு எப்போது விழுந்தது, அதற்குள் எத்தனை நகல் வெளியே போனது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆகவே மென்பொருள் வாரியாக வழியைச் சொல்கிறேன். அதைவிட அதிகமாகக் கசிவுகளைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன் தேவையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேள்வியில் மூன்று வெவ்வேறு தேவைகள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. பாதுகாப்புக் குறையைத் திருத்தும்வரை சிலர் மட்டும் பார்த்தால் போதும். திருத்தம் வெளியான பிறகு அதைத் திறந்துவிடுவதே நல்லது. வாடிக்கையாளர் டிக்கெட்டில் நிலைமை வேறு: அங்கே ஒவ்வொருவரும் தாம் பதிவிட்டதை மட்டும் பார்க்க வேண்டும், அதுதான் பொது விதி, விதிவிலக்கு அல்ல. ஊழியர் மீதான புகாரோ எந்நாளும் திறக்கக் கூடாதது. மென்பொருளை நிர்வகிப்பவரே அதைப் பார்க்கக் கூடாத சூழ்நிலையும் வரலாம், புகாரே அவர் மீதாக இருக்கலாம்.

இந்த மூன்றில் முதலாவதற்கு மட்டுமே டிக்கெட் அளவிலான பூட்டு சரியாகப் பொருந்தும். இரண்டாவதற்கு, பதிவிட்டவர் தம்முடையதை மட்டும் காணும்படியான பொது அமைப்பு வேண்டும். மூன்றாவதை இந்தப் புராஜெக்டிலிருந்து இன்றே வெளியே எடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. தனிப் புராஜெக்ட், முடிந்தால் தனி நிறுவல், குறைந்தபட்சம் தனி நிர்வாகி. ஒரு புராஜெக்டில் பெரும்பாலான டிக்கெட்டுகள் பூட்டப்பட்டிருந்தால் அந்தப் புராஜெக்ட் தவறாக வெட்டப்பட்டிருக்கிறது என்றே பொருள். திறந்திருப்பது இயல்பாகவும் பூட்டுவது அபூர்வமாகவும் இருக்கும் இடத்தில்தான் இந்த வசதி பிழையில்லாமல் வேலை செய்கிறது.

இனி மென்பொருள்கள். அதிகம் பேர் பயன்படுத்துவதால் ஜிராவிலிருந்து தொடங்கலாம். நிறுவன அளவில் நிர்வகிக்கப்படும் புராஜெக்டுகளில் ‘இஷ்யூ செக்யூரிட்டி ஸ்கீம்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. அதற்குள் நீங்களே சில நிலைகளை உருவாக்கிப் பெயர் வைக்கிறீர்கள். ஒவ்வொரு நிலைக்கும் யார் யார் உறுப்பினர் என்று சொல்கிறீர்கள். ஒரு டிக்கெட்டுக்கு ஒரே ஒரு நிலையைத்தான் வைக்க முடியும். வைத்தால் அந்த நிலையின் உறுப்பினர்கள் மட்டும் அதைக் காண்பார்கள். இந்த நிலை யாருக்கும் புதிதாக அனுமதி தருவதில்லை, இருப்பதைக் குறைக்க மட்டுமே செய்கிறது. புராஜெக்டைப் பார்க்கும் ‘பிரவுஸ் புராஜெக்ட்ஸ்’ அனுமதியே இல்லாத ஒருவரை நிலையில் சேர்த்துவிட்டு, ‘அவருக்கு ஏன் தெரியவில்லை’ என்று அரை நாள் தேடுகிறவர்கள் ஏராளம்.

நிலையில் ஆள்களைப் பெயர் பெயராகச் சேர்க்காதீர்கள். டிக்கெட்டைப் பதிவிட்டவர், பொறுப்பேற்றவர், புராஜெக்டில் இன்ன பங்கு (ரோல்) வகிப்பவர், டிக்கெட்டில் இன்ன புலத்தில் (ஃபீல்டில்) பெயர் இருப்பவர் என்று சேர்க்கும் வசதி அங்கேயே உண்டு. ‘பார்க்கலாம்’ என்று ஒரு தனிப்புலம் உருவாக்கி, அதில் பெயர் இடப்பட்டவர்கள் எல்லாரும் அந்த நிலையின் உறுப்பினர்கள் என்று வைத்துவிட்டால், நிர்வாகியைத் தொந்தரவு செய்யாமல் டிக்கெட்டுக்கு டிக்கெட் ஆள் சேர்க்கலாம். கேள்வி கேட்டவருக்கு வேண்டியது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

ஜிராவில் இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. நிலையை மாற்றுவதற்குத் தனி அனுமதி இருக்கிறது. அது இல்லாதவர் பதிவிடும் டிக்கெட், இயல்பு நிலை ஒன்று அமைக்கப்பட்டிருந்தால், தானாக அந்த நிலைக்குள் போகும். இது வரம். துணை டிக்கெட்டுகள் தாய் டிக்கெட்டின் நிலையையே எடுத்துக்கொள்ளும். நிர்வாகியாக இருப்பதாலேயே ஒருவருக்குப் பூட்டிய டிக்கெட் தெரிந்துவிடாது. நிலையில் உறுப்பினராக இருந்தால்தான் தெரியும். ஆனால் தம்மை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள நிர்வாகிக்குச் சில சொடுக்குகள் போதும் என்பதையும் மறக்கக் கூடாது. சிலர் செக்யூரிட்டி நிலையைத் தொடாமல், ‘பிரவுஸ் புராஜெக்ட்ஸ்’ அனுமதியையே ‘பதிவிட்டவர்’ என்ற வகைக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் டிக்கெட் மறையும், புராஜெக்டின் பெயரோ உள்நுழைந்த எல்லாருக்கும் தெரிய ஆரம்பிக்கும். புராஜெக்டின் பெயரே ரகசியமாக இருக்கும் இடங்களில் இது சின்ன விஷயமில்லை.

பக்ஸில்லாவின் தர்க்கம் நேரெதிர். அங்கே ஒரு பிழைப்பதிவைப் பல குழுக்களுக்குள் வைக்கலாம். அத்தனை குழுக்களிலும் உறுப்பினராக இருப்பவர் மட்டுமே பார்க்க முடியும். இரண்டு குழுக்களைத் தேர்ந்தெடுத்தால் இரு குழுவினரும் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொள்வது இயல்பு. நடப்பது, இரண்டிலும் இருக்கும் ஓரிருவர் மட்டும் பார்ப்பது. நல்லவேளையாக இந்தத் தவறு கசிவின் பக்கம் சாயாமல் இறுக்கத்தின் பக்கம் சாய்கிறது. பதிவிட்டவர், பொறுப்பாளர், நகல் பெறுவோர் பட்டியலில் இருப்பவர் ஆகியோர் குழுவில் இல்லாவிட்டாலும் இயல்பாகப் பார்க்கலாம். பதிவிட்டவருக்கும் நகல் பட்டியலுக்கும் உள்ள அந்தச் சலுகையைப் பதிவுக்குப் பதிவு நிறுத்திவைக்கவும் முடியும். நகல் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பது சாவியைக் கையில் கொடுப்பதற்குச் சமம் என்பதைக் குழுவில் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும்.

ரெட்மைனில் 2011-இல் வந்த 1.2 பதிப்பு முதல் ‘பிரைவேட்’ என்ற தேர்வு டிக்கெட்டிலேயே இருக்கிறது. ஆனால் உண்மையான கட்டுப்பாடு பங்குகளின் அமைப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பங்குக்கும் எல்லா டிக்கெட்டுகளும், தனிப்பட்டவை தவிர்த்த எல்லாம், தாம் பதிவிட்டவையோ தமக்கு ஒதுக்கப்பட்டவையோ மட்டும் என்று மூன்றில் ஒன்றைத் தேர்கிறீர்கள். வாடிக்கையாளர் பங்குக்கு மூன்றாவதைக் கொடுத்தால் கேள்வியின் இரண்டாம் பகுதி அங்கேயே தீர்ந்துவிடும். மான்டிஸிலும் ஏறக்குறைய இதே கதை: தனிப்பட்டது என்று குறித்தால் குறிப்பிட்ட தகுதிக்கு மேற்பட்டவர்களும் பதிவிட்டவரும் மட்டும் காண்பார்கள். அந்தத் தகுதி இயல்பாக ‘டெவலப்பர்’. புதிய டிக்கெட் எல்லாமே தனிப்பட்டதாகப் பிறக்கும்படி இயல்பமைப்பை மாற்றவும் முடியும்.

கிட்லேபில் ‘கான்ஃபிடென்ஷியல்’ என்ற ஒரே பொத்தான். பதிவிட்டவர், பொறுப்பேற்றவர், புராஜெக்டில் உரிய பங்கு உள்ளவர்கள் பார்க்கலாம். விருந்தினர் நிலையில் இருப்பவர் இத்தகைய டிக்கெட்டைப் பதிவிடலாம், ஆனால் பிறருடையதைப் பார்க்க முடியாது. எளிமை இதன் பலம். ‘இந்த டிக்கெட்டுக்கு இந்த மூவர் மட்டும்’ என்று செதுக்க முடியாதது இதன் குறை. கிட்ஹபில் டிக்கெட் அளவிலான மறைப்பு என்பதே இல்லை. களஞ்சியம் (நிரலைச் சேர்த்துவைக்கும் இடம்) யாருக்குத் தெரிகிறதோ அவருக்கு அதன் டிக்கெட்டுகளும் தெரியும். பாதுகாப்புக் குறைகளை ரகசியமாகப் பெறுவதற்கு மட்டும் தனி வழி வைத்திருக்கிறார்கள், 2023 முதல் எல்லாப் பொதுக் களஞ்சியங்களிலும் அதைத் திறந்துவைக்கலாம். மற்றதற்கெல்லாம் இன்னொரு களஞ்சியம்தான். யூடிராக்கில் டிக்கெட், கருத்துரை, இணைப்புக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக யாருக்குத் தெரிய வேண்டும் என்று வைக்கலாம்; அந்த நுணுக்கம் வேறு இடங்களில் அரிது.

டிராக் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே அனுமதிக் கொள்கைகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு கொள்கையும் ‘ஆம்’, ‘இல்லை’, ‘எனக்குக் கருத்தில்லை’ என்று மூன்றில் ஒன்றைச் சொல்லும். முதலில் ஆம் அல்லது இல்லை சொன்னதன் பேச்சே இறுதி. ஆகவே நீங்கள் எழுதும் கொள்கையோ, சேர்க்கும் செருகுநிரலோ (கூடுதல் வசதிக்காக ஒட்டும் சிறு மென்பொருள்) அமைப்புக் கோப்பில் இயல்புக் கொள்கைக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் நின்றால் கதவு திறந்த பிறகு வந்த காவலாளிதான். தம்முடையதை மட்டும் காட்டும் செருகுநிரலைச் சேர்த்துவிட்டு, எல்லா டிக்கெட்டையும் பார்க்கும் பொது அனுமதியை அந்தப் பயனர்களிடமிருந்து நீக்க மறப்பதும் வழக்கமான பிழை.

வழி இவ்வளவுதான். இனிக் கசிவுகள்.

முதல் கசிவு டிக்கெட் பிறக்கும் நொடியில் நடக்கிறது. ஒருவர் கடுமையான குறையொன்றைக் கண்டு பதற்றத்தோடு டிக்கெட் பதிகிறார். தலைப்பிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறார். பதிவு பொத்தானை அழுத்துகிறார். பிறகு நினைவு வந்து பூட்டுகிறார். இடையில் போனது ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் அந்த நிமிடத்துக்குள் புராஜெக்டைக் கவனிக்கும் எல்லாருக்கும் தலைப்போடும் விவரத்தோடும் மின்னஞ்சல் போயிருக்கும், அரட்டை அறையில் அறிவிப்பு விழுந்திருக்கும், சிலருடைய கைப்பேசித் திரையில் அது மின்னியிருக்கும். போன மின்னஞ்சலை எந்தப் பூட்டும் திரும்ப அழைக்காது. பிறகு தலைப்பை மாற்றினாலும் பயனில்லை. பழைய தலைப்பு மாற்ற வரலாற்றில் பத்திரமாக இருக்கும்.

இதற்கு மருந்து ஒன்றுதான். பூட்டு பதிவுப் படிவத்திலேயே இருக்க வேண்டும், முடிந்தால் மனிதரின் நினைவாற்றலை நம்பாமல் இருக்க வேண்டும். பாதுகாப்புக் குறைக்கென்று தனி டிக்கெட் வகை வையுங்கள். உள் குழுவுக்கு மட்டுமான நிலையைப் புராஜெக்டின் இயல்பு நிலையாக்கி, அதை விலக்கும் உரிமையைச் சிலரிடம் கொடுங்கள். கிட்லேபில் டிக்கெட் திறக்கும் இணைப்பிலேயே கான்ஃபிடென்ஷியல் என்ற அளவுருவைச் சேர்த்துவிடலாம். ‘பாதுகாப்புக் குறையைத் தெரிவிக்க’ என்ற இடத்தில் அந்த இணைப்பை வைத்தால் படிவம் பூட்டோடுதான் திறக்கும். பதிவான பிறகு ஒரு தானியங்கி விதி வந்து பூட்டும் என்ற ஏற்பாட்டைப் பலர் செய்துவைத்திருக்கிறார்கள். அது ஓடுவதற்குள் மின்னஞ்சல் கிளம்பியிருக்கலாம். பிறப்பிலேயே பூட்டு இருப்பதும் பிறந்த சில விநாடிகளில் பூட்டு வருவதும் வேறு வேறு. தலைப்பைப் பொதுவாக எழுதச் சொல்லிப் பழக்குவதும் உதவும்: ‘உள்நுழைவுப் பகுதியில் ஒரு சிக்கல்’ என்று தலைப்பு, மற்றதெல்லாம் உள்ளே.

இரண்டாவது, வெளியே ஒட்டிவைத்த குழாய்கள். வெப்ஹூக் (மாற்றம் நடந்ததும் வேறொரு சேவைக்குத் தானாகச் செய்தி அனுப்பும் ஏற்பாடு), அரட்டை அறிவிப்பு, மேலாளருக்கான பலகை, வாராவாரம் விரிதாளாக இறக்கப்படும் ஏற்றுமதி ஆகிய எல்லாமே யாரோ ஒருவரின் கணக்கில் ஓடுகின்றன. பெரும்பாலும் அது எல்லாம் தெரிந்த நிர்வாகிக் கணக்கு. அந்தக் கணக்கு பார்ப்பதை அந்தக் குழாயின் மறுமுனையில் இருக்கும் எல்லாரும் பார்க்கிறார்கள். கிட்லேப் இதை முன்பே யோசித்து, வெப்ஹூக் அமைப்பில் சாதாரண டிக்கெட்டுக்கு ஒரு தேர்வும் கான்ஃபிடென்ஷியல் டிக்கெட்டுக்கு வேறொரு தேர்வும் வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு வியப்பவர்களும் உண்டு. இணைப்புகளுக்கென்று தனிக் கணக்கு உருவாக்கி, அதைப் பூட்டிய நிலைகளில் சேர்க்காமல் விடுங்கள். தானியங்கி விதிகள் பூட்டிய டிக்கெட்டிலும் வேலை செய்ய வேண்டும் என்றால் அவற்றுக்கு இன்னொரு கணக்கு.

மூன்றாவது, நிரல் களஞ்சியம். டிக்கெட்டை எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும், அதைத் திருத்தும் நிரல் மாற்றம் பொதுவில் விழுந்து, அதன் குறிப்பில் ‘கடவுச்சொல் சரிபார்ப்பைத் தாண்டும் ஓட்டை அடைக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தால் கதை முடிந்தது. குறிப்பில் எதுவும் எழுதாமல் டிக்கெட் எண்ணை மட்டும் போட்டாலும், அந்த எண்ணைத் திறக்கப் பார்த்து ‘அனுமதி இல்லை’ என்று பதில் வந்தாலே, விவரமறிந்தவருக்கு இது பாதுகாப்புத் திருத்தம் என்று தெரிந்துவிடும். நிரல் பொதுவில் இல்லாத குழுவுக்கு இந்தக் கவலை சற்றுக் குறைவு.

அதே ‘அனுமதி இல்லை’ என்ற பதிலைப் பற்றி இன்னொன்று. இல்லாத டிக்கெட்டுக்கும் மறைக்கப்பட்ட டிக்கெட்டுக்கும் ஒரே பதில் வர வேண்டும். உலாவியும் வழங்கியும் (சர்வரும்) பேசிக்கொள்ளும் எச்டிடிபி விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 9110 ஆவணம், ஒரு பொருள் இருப்பதையே மறைக்க விரும்பும் வழங்கி 403 (அனுமதி இல்லை) என்பதற்குப் பதிலாக 404 (அப்படி எதுவும் இல்லை) தரலாம் என்று வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. கிட்ஹப் தனிக் களஞ்சியங்களுக்கு அப்படித்தான் செய்கிறது. டிக்கெட் எண்கள் வரிசையாகப் போவதால் 812-க்கும் 814-க்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று எப்படியும் ஊகிக்கலாம். அதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டேன். நடுவில் இருப்பது நீக்கப்பட்டதா, வேறு புராஜெக்டுக்குப் போனதா, பூட்டப்பட்டதா என்று பதிலிலிருந்து பிரித்தறிய முடியாவிட்டால் போதும்.

தொடர்புடைய டிக்கெட், நகல் டிக்கெட் என்ற இணைப்புகளும் தலைப்பைக் காட்டிக்கொடுக்கலாம். நல்ல மென்பொருள்கள் பார்க்கும் உரிமை இல்லாதவருக்கு அந்த வரியையே காட்டாது. மனிதர்கள் எழுதுவதை மென்பொருள் தடுக்காது: திறந்த டிக்கெட்டின் கருத்துரையில் ‘இது அந்தப் பணம் கட்டும் பக்கத்து ஓட்டையின் நகல்தான், அங்கே பாருங்கள்’ என்று ஒருவர் எழுதிவிட்டால் அதற்கு எந்த அமைப்பும் உதவாது. தேடல் எண்ணிக்கையும் அப்படியே ஒரு துவாரம். பட்டியலில் பதினொன்று தெரிகிறது, மேலே ‘12 முடிவுகள்’ என்று இருக்கிறது என்றால், ஒவ்வொரு சொல்லாகப் போட்டுத் தேடிப் பார்த்தே மறைந்திருப்பதில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று கண்டுபிடித்துவிடலாம். பொழுதுபோகாத ஒருவர் போதும்.

திரையில் மறைப்பதும் தரவை மறைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு மறக்க முடியாத சான்று 2017-இல் வெளியானது. கூகுள் தன் குறைகளைப் பதிந்துவைக்கும் ‘இஷ்யூ டிராக்கர்’ தளத்தை ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ஆராய்ந்தார். திரையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. வெளியாருக்குத் தெரியக் கூடாதது தெரியவில்லை. நகல் பெறுவோர் பட்டியலிலிருந்து தம்மை நீக்கிக்கொள்ளும் ஏபிஐ (திரையைத் தாண்டி மென்பொருளோடு நேரடியாகப் பேசும் வழி) வேண்டுகோளில் மட்டும் அவர் பார்க்க உரிமையில்லாத ஒரு டிக்கெட்டின் எண்ணைக் கொடுத்துப் பார்த்தார். ‘நீக்கிவிட்டோம்’ என்ற பதிலோடு அந்த டிக்கெட்டின் முழு விவரமும் வந்து சேர்ந்தது. விலகுகிறவர் முன்பு உள்ளே இருந்தவராகத்தான் இருப்பார் என்று நிரலாளர் எண்ணியிருக்க வேண்டும். அந்த ஒரு கண்டுபிடிப்புக்குக் கூகுள் 7,500 டாலர் பரிசு கொடுத்தது. பார்ப்பது, தேடுவது, திருத்துவது ஆகிய பெரிய வாசல்களை எல்லாரும் காவல் காக்கிறார்கள். விலகுவது, வாக்களிப்பது, நேரம் பதிவது, இணைப்புக் கோப்பை நேரடி முகவரியில் இறக்குவது போன்ற சிறு வாசல்கள்தான் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன. வலைச் செயலிகளின் அபாயங்களை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் பட்டியலில் 2021-இல் அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாடு முதலிடத்துக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

யார் பார்க்கலாம் என்ற பட்டியலில் இருப்பவர்களே ஓட்டையாவதும் உண்டு. 2015 செப்டம்பரில், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொஸில்லா ஒரு செய்தியை வெளியிட்டது. அதன் பக்ஸில்லாவில் பூட்டிய பதிவுகளைப் பார்க்கும் உரிமை உள்ள ஒருவரின் கணக்கு வழியாக யாரோ உள்ளே நுழைந்திருந்தார்கள். அந்தக் கணக்கின் கடவுச்சொல் வேறொரு தளத்திலும் பயன்படுத்தப்பட்டு, அங்கிருந்து கசிந்திருந்தது. பொதுவில் இல்லாத 185 பதிவுகள் பார்க்கப்பட்டிருந்தன. அவற்றில் 53 கடுமையான பாதுகாப்புக் குறைகள். அவற்றுள் 43-க்கு ஏற்கெனவே திருத்தம் வெளியாகியிருந்தது, மீதிதான் ஆபத்து. அதன்பின் மொஸில்லா, உரிமை உள்ள கணக்குகளுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கி, உரிமை பெற்றவர்களின் எண்ணிக்கையையும் அவர்கள் செய்யக்கூடியதையும் குறைத்தது. பூட்டிய டிக்கெட்டுகளை ஓரிடத்தில் சேர்த்துவைப்பது, தாக்குகிறவருக்கு எங்கே தோண்ட வேண்டும் என்று அடையாளம் காட்டவும் செய்கிறது. அந்த நிலையின் உறுப்பினர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது எண்ணிப் பாருங்கள்; வேறு குழுவுக்குப் போனவர்கள் அங்கே இன்னும் இருப்பார்கள்.

தரவுத்தளத்தை நேரடியாகப் படிக்கும் அறிக்கைக் கருவி வைத்திருந்தால், மேலே சொன்ன எந்தப் பூட்டும் அதற்குத் தெரியாது. காப்பு நகலுக்கும் அப்படியே. ஊழியர் புகாரை வெளியே எடுங்கள் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

சொந்தமாக டிக்கெட் மென்பொருள் எழுதுகிறவர்களுக்குத் தனியாகச் சில வரிகள். வடிகட்டலைத் தரவுத்தள வினவலுக்குள்ளேயே வையுங்கள். ஐம்பது வரிகளை எடுத்துவந்து பிறகு மறைக்க வேண்டியதைக் கழித்தால், பக்க எண்களும் மொத்த எண்ணிக்கையும் உளறும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் 9.5 பதிப்பிலிருந்து அட்டவணையின் ஒவ்வொரு வரிசை (ரோ) அளவிலான பாதுகாப்பு இருக்கிறது. அட்டவணைக்கு ஒரு கொள்கையை எழுதிவிட்டால் எந்த வினவலும் அதைத் தாண்டாது. தாண்டும் விதிவிலக்குகளை அறிந்துகொள்ளுங்கள்: அட்டவணையின் உரிமையாளருக்கு, தனியாகக் கட்டாயப்படுத்தாதவரை, அந்தக் கொள்கை பொருந்தாது. செயலி அதே உரிமையாளர் கணக்கில் இணைந்தால் எழுதிய கொள்கை முழுக்க அலங்காரம். வியூக்களும் (பெயரிட்டுச் சேமித்த வினவல்கள்) இயல்பாக அவற்றை உருவாக்கியவரின் உரிமையில்தான் படிக்கும். தேடலுக்கென்று தனிக் குறியீட்டுத் தொகுப்பு (இண்டெக்ஸ்) வைத்திருந்தால் டிக்கெட்டைப் பூட்டிய உடனே அங்கும் அந்த மாற்றம் போக வேண்டும்; இரவில் ஒருமுறை ஒத்திசைப்போம் என்றால் பகல் முழுவதும் கசியும். கடைசியாக, மின்னஞ்சல் அனுப்பும் பகுதி பெறுநர் பட்டியலை அனுப்பும் நொடியில் மறுபடி சரிபார்க்க வேண்டும், அனுப்புவதற்கான காத்திருப்பு வரிசையில் சேர்த்த நொடியில் அல்ல.

பூட்டைத் திறப்பதையும் திட்டமிட வேண்டும். குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் திட்டத்தில் பாதுகாப்புக் குறை திருத்தப்பட்டு ஏறத்தாழ 14 வாரங்கள் கழித்து அந்தப் பதிவு பொதுவில் திறக்கப்படுவது வழக்கம். அதற்குள் பெரும்பாலான பயனர்களுக்குத் திருத்தம் போய்ச் சேர்ந்துவிடும் என்பது கணக்கு. இப்படி ஒரு கால எல்லை இல்லாத புராஜெக்டுகளில் பூட்டிய டிக்கெட் பூட்டியபடியே கிடக்கிறது. புதிதாக வந்தவருக்குத் தேடலில் அது கிடைக்காது. அதே பிழையை மறுபடி பதிகிறார், இன்னொருவர் மறுபடி ஆராய்கிறார். அளவுக்கு மீறிப் பூட்டுவதன் விலை இந்த இரட்டை வேலைதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு திறக்கவும் கூடாது. பூட்டுக்குள் இருக்கிறோம் என்ற தைரியத்தில் மனிதர்கள் கருத்துரைகளில் கடவுச்சொல்லை ஒட்டுவார்கள், வாடிக்கையாளரின் பெயரை எழுதுவார்கள், சக ஊழியரைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகவும் எழுதுவார்கள். திறப்பதற்கு முன் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்க வேண்டும், இணைப்புக் கோப்புகள் உட்பட. படிக்க ஆள் இல்லையென்றால், சுருக்கத்தை எழுதிப் புதிய திறந்த டிக்கெட்டாகப் பதிந்துவிட்டுப் பழையதை அப்படியே விட்டுவிடுவது மேல்.

கருத்துரையை மட்டும் மறைக்கும் வசதி பற்றியும் கேட்பார்கள். ஜிராவிலும் ரெட்மைனிலும் கிட்லேபிலும் அது இருக்கிறது. வாடிக்கையாளர் பார்க்கும் டிக்கெட்டில் உள் குழு தனியே பேசிக்கொள்ள உதவும். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. உள் குறிப்பு, வாடிக்கையாளருக்கான பதில் என்ற இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் திரையில், அவசரத்தில் தவறானதை அழுத்துவது எப்போதாவது நடந்தே தீரும். உள் பேச்சுக்கு இணைக்கப்பட்ட தனி டிக்கெட் வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

எல்லாவற்றையும் அமைத்தபின் சோதிப்பதற்குச் சில கணக்குகளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்: எந்தக் குழுவிலும் இல்லாத ஒன்று, புராஜெக்டில் இருந்தும் பூட்டிய நிலையில் இல்லாத ஒன்று, பதிவிட்டவர் மட்டுமாக இருக்கும் ஒன்று. நிர்வாகியாக உள்நுழைந்து ‘சரியாக இருக்கிறது’ என்று சொல்வது சோதனையாகாது. வேறெங்கும் வராத விசித்திரமான ஒரு சொல்லைத் தலைப்பில் வைத்து ஒரு போலி டிக்கெட்டைப் பூட்டோடு பதியுங்கள். பிறகு அந்தக் கணக்குகளில் ஒவ்வொன்றாக நுழைந்து அந்தச் சொல்லைத் தேடுங்கள்: தேடல் பெட்டியில், தானாக நிரம்பும் பரிந்துரையில், பலகையில், ஏற்றுமதிக் கோப்பில், ஏபிஐ பதிலில், அஞ்சல் பெட்டியில், அரட்டை அறையில். இணைப்புக் கோப்பின் நேரடி முகவரியைப் பிரதியெடுத்து உள்நுழையாத உலாவியில் திறந்து பாருங்கள். மென்பொருளைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும், புதிய செருகுநிரல் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் இதையே திரும்பச் செய்ய வேண்டும். செருகுநிரல்கள் மையத்தின் அனுமதிச் சோதனையைக் கேட்காமல் தாமே தரவைப் படித்துக்கொள்வது புதிதல்ல.